அளவெடுத்தால் போதாது, திருத்தவும் வேண்டும்

குதிகால் வலிக்கிறது என்று நான்கு பேர் கூடிய இடத்தில் சொல்லிப் பாருங்கள். வெந்நீரில் கல் உப்பைப் போட்டுக் காலை வை என்பார் ஒருவர். செங்கல்லைச் சூடாக்கி எருக்கிலையை வைத்து மிதி என்பார் இன்னொருவர். சில ஆண்டுகளாக இந்த வரிசையில் மூன்றாவது யோசனையும் சேர்ந்திருக்கிறது: “ஆன்லைன்ல இன்சோல் கிடைக்குது, வாங்கிப் போடு.” சில நூறு ரூபாய்க்குச் சிலிக்கோன் குதித்திண்டு கிடைக்கிறது. கண்ணாடித் தட்டில் ஏறி நிற்கச் சொல்லி, பாதத்தின் அழுத்தத்தைச் சிவப்பும் பச்சையுமாகத் திரையில் காட்டி, பல ஆயிரம் ரூபாய்க்குத் தனியாகச் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள்.

வாங்கியவர்களிடம் விசாரித்தால், “ரெண்டு நாள் போட்டேன், உள்ளங்கால்ல கட்டி மாதிரி உறுத்துச்சு, எடுத்து வெச்சுட்டேன்” என்ற பதில்தான் அடிக்கடி வருகிறது. உறுத்தினால் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று அவர்களுக்குத் தெரியாது. விற்றவரும் சொல்லி அனுப்பவில்லை. பாதத்துக்குத் தாங்கல் கொடுக்கும் மருத்துவத்தில் இன்று நம்மிடம் உள்ள பெரிய ஓட்டை இதுதான். பாதத்தாங்கி என்பது போட்டுப் பார்த்து, நடந்து பார்த்து, ஏற்றி இறக்கி, சில நாள் கழித்து மறுபடியும் திருத்த வேண்டிய ஒரு பொருள். ரவிக்கை தைப்பவர் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லிப் பிடித்துத் தருவாரே, அந்த இரண்டாவது வேலை இல்லாமல் முதல் வேலைக்குப் பயன் குறைவு. நாமோ அளவெடுக்கும் கருவிக்குக் காசு கொடுத்துவிட்டு, திருத்தும் ஆளை மறந்துவிட்டோம்.

பாதத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். குதிகாலிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை ஓடும் தடித்த நார்ப்பட்டைதான் உள்ளங்கால் வளைவை இழுத்துப் பிடித்திருக்கிறது. நடக்கும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்க, இந்தப் பட்டை விரலடி எலும்பைச் சுற்றி இழுபட்டு வளைவை உயர்த்துகிறது. ஜே.எச்.ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1954இல் இதை விளக்கினார். அதாவது, வளைவு என்பது அசையாத கட்டடம் அல்ல. ஒவ்வொரு அடியிலும் அது தாழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது; மறு நொடியில் எழுந்து உடலை முன்னே தள்ளுகிறது. சிலருக்குத் தாழ்வது கூடுதலாக இருக்கும், சிலருக்கு எழுவது தாமதமாகும். உடல் எடை, நிற்கும் நேரம், இறுகிய கெண்டைக்கால் தசை என்று பல காரணங்கள் கூடும்போது பட்டை குதிகாலோடு சேரும் இடத்தில் வலி எடுக்கிறது. காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் உயிர் போகும் அந்த வலி, பல வீடுகளுக்கும் பழக்கமானது. “எலும்பு வளர்ந்திருக்கு” என்று எக்ஸ்ரேயைக் காட்டிப் பயப்படுபவர்கள் ஏராளம். முள்போல் நீட்டியிருக்கும் அந்த எலும்பு, வலியே இல்லாதவர்களின் பாதத்திலும் இருக்கும்.

இதில் தாங்கியின் வேலை எளியது. வளைவுக்கு அடியில் ஒரு திண்டு. அல்லது குதிகாலுக்கு அடியில் ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த துண்டு. பிசியோதெரபிஸ்டுகள் இதை ‘வெட்ஜ்’ என்றே சொல்கிறார்கள். உள்ஓரத்தில் வைத்தால் குதிகால் உட்புறமாகச் சாய்வதை அது தடுக்கும், வெளிஓரத்தில் வைத்தால் வெளிப்புறச் சாய்வை. அளவுகளோ மிகச் சிறியவை. 60 மில்லிமீட்டர் அகலமுள்ள குதிகாலை 4 டிகிரி சாய்க்க ஓரத்தில் வேண்டிய உயரம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் கணுக்காலும் முழங்காலும் சொல்லிவிடும்.

மருத்துவமனை ஒன்றின் மறுவாழ்வுப் பிரிவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வந்திருந்தவர் துணிக்கடையில் வேலை பார்க்கும், நாற்பது வயதை ஒட்டிய பெண். தாங்கி செய்யும் இளைஞர் முதலில் அவருடைய செருப்பைத்தான் கையில் எடுத்தார். குதிப்பகுதியின் உள்ஓரம் மட்டும் தேய்ந்து சரிந்திருந்தது. பிறகு அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து குதிகாலைப் பார்த்தார். ஒற்றைக் காலில் நின்று நுனிக்காலுக்கு எழச் சொன்னார். இவிஏ என்ற நுரை அட்டையில் ஒரு துண்டைக் கத்தியால் வெட்டி, ஓரத்தைத் தேய்ப்புச் சக்கரத்தில் சீவி, செருப்பின் மேல்தாளைப் பாதி பிரித்து உள்ளே செருகினார். “ஒரு நடை நடந்துட்டு வாங்கக்கா.” தாழ்வாரத்தின் கோடி வரை போய்த் திரும்பியவர், “குதிக்கு நல்லாருக்கு தம்பி, ஆனா முட்டிக்கு வெளிப்பக்கம் ஏதோ இழுக்குது” என்றார். துண்டு வெளியே வந்தது. மறுபடியும் சக்கரம். மறுபடியும் நடை. மூன்றாவது முறை வந்து, “இப்போ ஒண்ணும் தெரியலை தம்பி” என்றார். இளைஞர் காத்திருந்தது அந்தத் ‘தெரியலை’க்குத்தான். அதன் பிறகுதான் பசை போட்டு ஒட்டினார். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போகச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து வரத் தேதியும் குறித்துக் கொடுத்தார்.

அந்தத் துண்டின் பொருட்செலவு மிகக் குறைவு. செலவானது ஒரு பயிற்சி பெற்ற மனிதரின் நேரமும் கவனமும்.

விலை உயர்ந்த தாங்கியைப் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். குதிகால் வலி உள்ள 135 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் லேண்டார்ஃபும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குப் பெயருக்கு ஒரு மெல்லிய நுரைத் தாங்கி, இன்னொரு பிரிவினருக்குக் கடையில் கிடைக்கும் கெட்டியான தாங்கி, மூன்றாவது பிரிவினருக்கு அச்செடுத்துத் தனியாகச் செய்தது. மூன்று மாதத்தில் கடைத் தாங்கியும் தனித் தாங்கியும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் சிறிய நன்மை தந்தன. பன்னிரண்டு மாதம் ஆனபோது மூன்று பிரிவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. குதிவலி பெரும்பாலானவர்களுக்குக் காலப்போக்கில் அடங்கக்கூடியது. அது அடங்கும்வரை நாளைத் தள்ள உதவுவதே தாங்கியின் வேலை. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி இழுக்கும் பயிற்சி, நிற்கும் நேரத்தைக் குறைப்பது, எடையைக் கவனிப்பது ஆகியவற்றைச் சொல்லாமல் தாங்கியை மட்டும் எழுதிக் கொடுப்பது அரைகுறை வைத்தியம்.

முழங்கால் தேய்மானத்துக்கும் இதே கதைதான். மூட்டின் உட்பக்கம் தேய்ந்தவர்களுக்குக் காலணியின் வெளிஓரத்தில் வெட்ஜ் வைத்தால் உட்பக்கச் சுமை குறையும் என்ற எண்ணம் 1980களில் ஜப்பானிய மருத்துவர்களிடமிருந்து பரவியது. கணக்குப்படி அது சரியாகவே இருந்தது. ஆனால் மெல்போர்னில் 200 பேரிடம் ஓராண்டு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரி வெட்ஜ் போட்டவர்களுக்கும் தட்டையான இன்சோல் போட்டவர்களுக்கும் வலியில் வேறுபாடு தெரியவில்லை. எனவே எல்லா முழங்காலுக்கும் ஒரே வெட்ஜை வைத்துவிட்டு ஓராண்டு காத்திருப்பதில் பொருளில்லை. ஒருவருக்கு வைத்துப் பார்த்து, சில வாரத்தில் குறையவில்லை என்றால் எடுத்துவிடும் துணிவு வேண்டும். திருத்துவது என்பதில் கழற்றிப் போடுவதும் அடக்கம்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். மூன்று வயதுப் பிள்ளையின் ஈரக்கால் தடம் தரையில் முழுசாகப் பதிவதைப் பார்த்து, “ஃபிளாட் ஃபுட்” என்று பதறி, வளைவு வைத்த கனமான பூட்ஸ் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பெருகிவருகிறார்கள். அந்த வயதில் உள்ளங்காலில் கொழுப்புத் திண்டு இருக்கும், தசைநார்கள் நெகிழ்ந்திருக்கும், வளைவு பத்து வயதுவரை மெல்ல மெல்ல உருவாகும். அமெரிக்காவின் டல்லஸில் வெங்கரும் சகாக்களும் நெகிழ்வான தட்டைப் பாதமுள்ள சிறு பிள்ளைகளை மூன்றாண்டுகள் கவனித்து 1989இல் முடிவை வெளியிட்டார்கள். திருத்தும் பூட்ஸ், குதிக்கிண்ணம், அச்செடுத்த தாங்கி எதைப் போட்டாலும், எதுவுமே போடாத பிள்ளைகளைவிடக் கூடுதல் பலன் இல்லை. எல்லாப் பிரிவிலும் வளைவு தானாக முன்னேறியது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று மணிப்பாலிலிருந்து வந்தது. உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களை எடுத்து 1992இல் வெளியிட்ட ஆய்வு, உலகெங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். விரலை மூடிய ஷூ அணிந்தவர்களிடம் இது அதிகம், செருப்பு அணிந்தவர்களிடம் அதைவிடக் குறைவு. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பை வைத்து ஷூதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூட நாள் முழுக்கக் கறுப்பு ஷூ கட்டாயம் என்று விதி வைத்திருக்கும் பள்ளி நிர்வாகங்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். மழலையர் வகுப்புக்குச் செருப்பே போதும். விளையாட்டு நேரத்தில் சுத்தமான மணலில் வெறுங்காலோடு ஓடவிடலாம்.

பெற்றோர் வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையை நிற்கவைத்துப் பெருவிரலை மட்டும் மேலே தூக்குங்கள்; அல்லது நுனிக்காலில் எழச் சொல்லுங்கள். வளைவு தெரிந்தால் அது நெகிழ்வான பாதம், வலியும் இல்லையென்றால் செய்ய எதுவுமில்லை. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான மருத்துவ விதிகளும் இப்படி நுனிக்காலில் வளைவு தெரிந்து, வலியின்றி ஓடக்கூடிய பாதத்தை ஏற்கின்றன. வளைவு அப்போதும் தெரியாமல் பாதம் விறைத்திருந்தால், அல்லது வலி இருந்தால், அல்லது ஒரு காலில் மட்டும் தட்டையாக இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

தாங்கி இல்லாவிட்டால் காலையே இழக்க நேரும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கான அறிவு பிறந்ததே நம் மண்ணில்தான். கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்த பிறகு தொழுநோயாளிகளின் கைகால்களைக் கவனிக்கத் தொடங்கினார். தொழுநோய் சதையைத் தின்கிறது என்று உலகம் நம்பிய காலம் அது. உணர்ச்சி இழந்த பாதத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுத்தப்படுவதால்தான் புண் வருகிறது என்று அவர் கண்டார். வலி தெரிந்த நாம் கால் கடுத்தால் நடையை மாற்றிக்கொள்கிறோம், அவர்களால் முடியாது. அவர் நோயாளியின் பாதத்தைக் கையால் தடவி, எந்த இடம் மற்ற இடங்களைவிடச் சூடாக இருக்கிறது என்று பார்ப்பார். சூடு இருக்கும் இடத்தில் நாளைக்குப் புண் வரும். எனவே அந்த இடத்துச் சுமையை இன்றே குறைக்க வேண்டும். இந்தத் தேடலில் உருவானதுதான் எம்.சி.ஆர். செருப்பு. எம்.சி.ஆர். என்ற நுண்ணறை ரப்பரில் மெத்தென்ற உள்தளம், அதற்கு அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், கழன்று விழாமலிருக்கப் பின்வார், ஆணி அறவே கூடாது. இன்று மருந்துக்கடைகளில் சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கும் செருப்பின் மூதாதை இதுதான். 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் இந்தப் பணியில் பெரும் பங்கு வகித்தது.

2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் பாத நரம்பு மரத்துப்போனவர்களுக்கு வேலூர்ப் பாடம் அப்படியே பொருந்தும். இங்கே ஒரு எச்சரிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும்: உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு இணையத்தில் வாங்கிய கெட்டியான வளைவுத் தாங்கியைப் போடுவது ஆபத்து. மற்றவருக்கு அது உறுத்தும், எடுத்துவிடுவார். இவருக்கு உறுத்தாது, மாலையில் கழற்றும்போது கொப்புளம் இருக்கும், மறுவாரம் அது புண்ணாகும். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடம் போதும். அதைச் செய்யாமல் சர்க்கரை நோயாளிக்கு எந்தத் தாங்கியையும் விற்கக் கூடாது.

இன்னொரு சிக்கலும் நம்முடையதே. சந்தையில் உள்ள தாங்கிகள் கயிறு கட்டும் ஷூவுக்காகச் செய்யப்பட்டவை. நாம் அணிவது செருப்பு, வீட்டுக்குள் அதுவும் இல்லை. குதிவலியோடு வரும் பெண்ணுக்கு ஷூவுக்குள் போடும் இன்சோலை எழுதிக் கொடுத்தால், அவர் அதைப் போடும் நேரம் எது? விடியற்காலையிலிருந்து டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமையலறையில் நிற்கும் நேரத்தில்தான் அவருக்கு வலி. சமையலறைக்கென்றே ஒரு ஜோடி தாங்கிச் செருப்பு வைத்துக்கொள்ளச் சொல்வதற்குச் சில மருத்துவர்கள்கூடத் தயங்குகிறார்கள், வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதால். பூஜையறைக்கு வெளியே கழற்றிவிட்டுப் போகட்டுமே.

கடைகளில் நிற்பவர்களின் நிலையும் இதோடு சேர்ந்ததே. ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்தது. கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. இருக்கை போட்டிருந்தாலும் வாடிக்கையாளர் பார்வையில் உட்காரக் கூடாது என்ற வாய்மொழி உத்தரவு இருக்கும் கடையில், எந்த வெட்ஜாலும் குதிகாலைக் காப்பாற்ற முடியாது. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் இருக்கை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், உட்கார விடுகிறார்களா என்றும் ஊழியர்களைத் தனியே கேட்க வேண்டும்.

திருத்தும் ஆளை எங்கிருந்து கொண்டுவருவது? சென்னை கே.கே.நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. செயற்கைக் கால், தாங்கி செய்வதற்கு முறையாகப் படித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காக்க ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தையும் அரசு கொண்டுவந்திருக்கிறது. இவற்றை மாவட்ட அளவில் இணைக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஒரு மேசை, ஒரு தேய்ப்புச் சக்கரம், பல தடிப்புகளில் நுரை அட்டை, பல டிகிரிகளில் ஆயத்த வெட்ஜுகள், கூடவே பயிற்சி பெற்ற ஒருவர். பெரிய கட்டடமோ ஸ்கேன் இயந்திரமோ தேவையில்லை. வெல்க்ரோவில் ஒட்டி எடுக்கவும், உறைக்குள் திண்டுகளைச் செருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கவும் வசதியுள்ள தாங்கிகள் இப்போது வருகின்றன. அச்செடுத்து ஒரேயடியாக வார்க்கும் தாங்கியைவிட நெரிசலான அரசு மருத்துவமனைக்கு அவையே ஏற்றவை. வாங்கும் முன் பாதத்தில் பிளாஸ்திரி நாடா சுற்றி வளைவைத் தாங்கிப் பார்க்கும் சோதனையும் உண்டு. நாடா கட்டி இரண்டு நாளில் வலி குறைந்தால் தாங்கி உதவ வாய்ப்புண்டு. குறையாவிட்டால் அவசரப்பட்டுக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

செருப்பு தைக்கும் தொழிலாளர்களையும் இந்த வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த ஹ்யூ ஓவன் தாமஸின் பெயரில், உள்ஓரத்தை முன்னே நீட்டிய ஒரு குதியமைப்பு இன்றும் வழங்குகிறது. அது அடிப்படையில் காலணி செய்பவரின் கைவேலை. நம் மருத்துவமனை வாசல்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ரப்பரை மில்லிமீட்டர் பிசகாமல் சீவத் தெரியும். எங்கே, எவ்வளவு என்று சீட்டில் எழுதிக் கொடுக்க ஒருவர் இருந்தால், அவர்கள் செய்துவிடுவார்கள். அந்த வேலைக்குரிய கூலியை மருத்துவமனையே தர வேண்டும். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன. உள்தளத்தைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே ஆறேழு மில்லிமீட்டர் கூடுதல் ஆழமுள்ள, பின்வார் வைத்த ஒரு செருப்பை நம் ஊர்க் கால்களுக்கென்று செய்து அரசு மருந்தகங்களுக்கு வழங்க அந்த ஊர்களால் முடியும். கொள்முதல் ஆணையை அரசுதான் போட வேண்டும்.

அதுவரை, தாங்கி எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு மருத்துவரும் சீட்டில் இரண்டாவது தேதி ஒன்றையும் எழுதட்டும். நோயாளி புதுத் தாங்கியை அரை மணி நேரம் போட்டு, கழற்றி, நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் முகக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லலாம். சிவந்த இடம் இருபது நிமிடத்தில் மறையவில்லை என்றால், குறித்த தேதிவரை காத்திருக்காமல் மறுநாளே தாங்கியை எடுத்துக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். வந்தவரை வெளிநோயாளி வரிசையில் மறுபடியும் முதலிலிருந்து நிற்கவைக்காமல், நேராகத் தாங்கியைத் திருத்துபவரிடம் அனுப்ப வேண்டும்.